அண்ணி முன்பாட்டு பாடிய நடவு

வில்லியனூரிலிருந்து பாகூர் வரைக்கும் அந்தக் காலத்தில் எந்தக் கல்யாணத்தில் நல்ல மைக் செட் ஓடியது என்று விசாரித்துப் பாருங்கள். என் செட்டைத்தான் சொல்வார்கள். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டினேன், கம்பம் ஏறி ஒயர் இழுத்தேன். இருபத்திரண்டு வயதில் சொந்தமாக இரண்டு குழாய் ஸ்பீக்கரும் ஓர் ஆம்ப்ளிஃபயரும் வைத்திருந்தேன். எங்கள் ஊர் மாதா கோயில் திருவிழாவுக்கும் நான்தான், பக்கத்து ஊர் தீமிதிக்கும் நான்தான். இரண்டு சாமியும் ஒரு நாளும் குறை சொன்னதில்லை.

மற்ற செட்டுக்காரர்களிடம் இல்லாத ஒன்று என்னிடம் உண்டு. ஆப்பிரிக்காவில், அபிஜான் நகரத்தில், ஜனங்கள் விடிய விடிய ஆடுவதற்கென்றே பாடிய ஒருத்தியின் ரெக்கார்டுகள் அத்தனையும் என் பெட்டியில் இருக்கின்றன. பெரிய பேர் எடுத்தவள். அவள் என் அண்ணி, கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. அந்தப் பேரெல்லாம் வருவதற்கு முன்னால், அவள் பாட்டையே விட்டுவிட வேண்டிய ஒரு நிலைமை எங்கள் ஊரில்தான் வந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

அண்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா. எங்கள் பக்கத்தில் சிப்பாயை அப்படித்தான் சொல்வோம். எழுபதுகளின் நடுவில் அவனை அபிஜானுக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே ஒரு சனிக்கிழமை பாட்டும் ஆட்டமும் நடக்கிற ஓட்டலுக்குப் போனவன், ஆடத் தெரியாமல் தூண் ஓரமாக நின்றானாம். மேடையில் பாடிக்கொண்டிருந்தவள் அந்தத் தூணைப் பார்த்தே பாடினாளாம். இது அண்ணன் சொன்ன கதை. அண்ணியைக் கேட்டேன். அந்த ஓட்டலில் தூணே கிடையாது என்றாள்.

அண்ணியின் அம்மா சந்தையில் துணி விற்றவள். அண்ணி சின்ன வயதில் மாதா கோயிலில் பூசைக்குப் பாடியிருக்கிறாள். அங்கே கேட்ட ஒரு வாத்தியக் கோஷ்டிக்காரர் பதினாறு வயதில் அவளைக் கூட்டிக்கொண்டு போய், முன்னால் பாடுகிறவளுக்குப் பின்னால் நிறுத்தினார். இரண்டு வருஷம் பின்பாட்டு. முன்னால் பாடியவள் கல்யாணமாகி வேறு ஊர் போனதும் அண்ணி மைக்குக்கு வந்தாள். இரண்டு சின்ன ரெக்கார்டு வந்தது. டாக்சி ஓட்டுகிறவர்கள்கூட அதைப் பாடிக்கொண்டு ஓட்டினார்களாம். அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் அண்ணன் குறுக்கே வந்தான்.

அவன் அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில், கோயிலில் பாடுகிற பெண்ணைக் கட்டிக்கொண்டேன் என்று எழுதினான். பொய் இல்லை, பாதியை மறைத்தான்.

அந்த வருஷம் ஆடி மாதம் இரண்டு பேரும் லீவில் வந்து இறங்கினார்கள். தெருப் பெண்கள் எல்லாம் எங்கள் வாசலில்.

"வெள்ளக்காரியக் கூட்டிக்கினு வருவான்னு பாத்தா, நம்மூட்டுப் பொண்ணாட்டம்ல இருக்கா!"

"மூக்கு அவங்க மாமியார் மூக்குதான்டி. உரிச்சி வெச்சிக்கினு இருக்கு."

அம்மா கிட்டே வந்தாள். அண்ணியின் கையைப் பிடித்துத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். "வேல செஞ்ச கைதான்" என்று சொல்லி உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

அண்ணி ஒரு மாதத்தில் எங்கள் பேச்சைப் பிடித்துக்கொண்டாள். பாட்டுக்காரி காது. நானும் அதே ஒரு மாதத்தில் பிரெஞ்சு பேசினேன். அண்ணன் சிரிப்பான், அவனுக்குப் பொறாமை. ஒரு நாள் கல்யாணத்துக்குக் கூடவே வந்தவள், புளிய மரத்தில் நான் கட்டியிருந்த குழாயைப் பார்த்துக் காதைப் பொத்திக்கொண்டாள். மரத்தைக் காட்டிக் குறுக்கே கையாட்டி, குளத்தைக் காட்டினாள். குழாயைக் குளத்துப் பக்கம் திருப்பிக் கட்டினேன். கீச்சென்று இருந்த பாட்டு தண்ணீர் மேலே தவழ்ந்து வந்தது. அன்றைக்கு முதல் என் செட்டுக்குத் தனி மரியாதை. அதை நானே கண்டுபிடித்ததாகத்தான் இத்தனை வருஷமும் வெளியில் சொல்லி வந்தேன். இங்கே உண்மையை எழுதிவிட்டேன்.

புரட்டாசியில் அண்ணிக்கு அபிஜானிலிருந்து கடிதம் வந்தது. அண்ணன் அதை எடுத்துக்கொண்டு ஏரி மதகுக்கு என்னைக் கூப்பிட்டான்.

"அந்த வாத்தியக்காரன் எழுதியிருக்கான்டா. நவம்பர்ல பெரிய ரெக்கார்டு எடுக்கறாங்களாம். இவ வந்தா இவளாம். வரலைன்னா வேற ஒரு பொண்ணு ரெடியா இருக்காளாம்."

"அனுப்பிடேன்."

"எப்படிறா? என்னச் சாட் நாட்டுக்கு மாத்திட்டாங்க. அங்க குடும்பத்த வுடமாட்டாங்க. ரெண்டு வருஷம் இவ நம்ம அம்மாவோட இங்க இருக்கட்டும். பாட்டெல்லாம் போதும்டா. நாலு பேரு ஆட இவ பாடறதும், அவனுங்க மொறைக்கிறதும்…"

"நீயும் அப்படி மொறச்சவன்தான? அண்ணி இன்னா சொல்லுது?"

"உங்க அம்மா இருக்கச் சொன்னா இருக்கேன்னு சொல்லிட்டா. அவங்க ஊர்லயும் மாமியார் பேச்சுதான் பேச்சு. அழுவக்கூட இல்லடா. அழுதா பரவால்ல. வாயத் தொறந்து பாடறதே இல்ல."

நவம்பர் தாண்டினால் அவள் இடம் போய்விடும். ரெண்டு வருஷம் கழித்துப் போய் நின்றால் யார் அவளுக்கு மைக் கொடுப்பார்கள்? எனக்குத் தொழில் தெரியும். மேடையில் ஓர் ஆள் இறங்கினால் அந்த இடம் சூடு ஆறுவதற்குள் இன்னோர் ஆள் ஏறிவிடும்.

"அம்மா கையிலதான் இருக்கு. நான் கேக்கறப்ப கேக்கறேன். அவ ஓட்டல்ல பாடறவன்னு மூச்சு வுடாத" என்றான். சத்தியம் வாங்கிக்கொண்டான்.

அம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். மகன் சொல்தா ஆன பிறகும் அம்மா நடவை விடவில்லை. இருபது பெண்கள் வரிசையாகக் குனிந்து பின்னால் நகர்ந்துகொண்டே நாற்று ஊன்றுவார்கள். ஒருத்தி முன்பாட்டு எடுப்பாள், மற்றவர்கள் பின்பாட்டு சொல்வார்கள். எங்கள் ஊரில் முன்பாட்டு என்றால் அம்மாதான். அம்மா இழுக்கிற இழுப்புக்குத்தான் கை இறங்கும், கால் நகரும். அம்மா வராத நாளில் நடவு கோணும் என்று பண்ணைக்காரரே சொல்லியிருக்கிறார். எனக்கு இந்தத் தொழில் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

அண்ணி வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டாமல் அம்மாவோடு நடவுக்குப் போனாள். முதல் நாள் சேற்றில் இரண்டு தடவை உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் வரிசையில் ஊன்றினாள். பின்பாட்டும் சொன்னாள். சொல் புரியாவிட்டாலும் எந்த இடத்தில் விழவேண்டுமோ அந்த இடத்தில் விழுந்தது அவள் குரல்.

நாலைந்து நாள் போனது. அன்றைக்குப் பெரிய வயல். அம்மாவுக்கு இருமல். இரண்டு அடி எடுத்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது. நான் வரப்பில் இருந்தேன். நாற்றுக் கட்டை, முடி என்போம், வயலுக்குள் வீச ஆள் போதவில்லை என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். செட்டு முதலாளிதான், இருந்தாலும் அம்மா கூப்பிட்டால் போகவேண்டும்.

"மின்னால எடுக்க ஆளில்லடியம்மா. ஊமை நடவா நடப்போறோம்?" என்றாள் வரிசையில் ஒருத்தி.

"உன் மருமவ பாட்டுக்காரின்னியே, எடுக்கச் சொல்லு!"

அம்மா அண்ணியைப் பார்த்தாள். "பாடும்மா" என்றாள். அவ்வளவுதான்.

அண்ணி நிமிர்ந்து இடுப்பில் கை வைத்து ஒரு தடவை எல்லாரையும் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் அதுவரை பார்த்ததில்லை. பிறகு குனிந்து தன் பாஷையில் ஓர் அடி எடுத்தாள். பெண்கள் ஒரு நொடி திகைத்தார்கள். இரண்டாம் தடவை எடுத்ததும் பின்பாட்டு எங்கே என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது. மூன்றாம் தடவை வயல் முழுக்கச் சத்தம். அது ஆட்டப் பாட்டு. இருபது இடுப்பும் சேற்றில் ஒரே மாதிரி அசைந்தது. கை பறந்தது, கால் பின்னால் பாய்ந்தது. நான் முடி வீசிக் கொடுக்கவே நேரம் இல்லை. அம்மாவும் இருமிக்கொண்டே பின்பாட்டு சொன்னாள்.

சூரியன் உச்சிக்கு வருவதற்குள் சாயங்காலம்வரை ஆகவேண்டிய வயல் முடிந்துவிட்டது. எல்லாரும் கரையேறிச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். அப்போதுதான் வரப்பைப் பார்த்தேன். நாற்று முடி பாதிக்குப் பாதி அப்படியே கிடந்தது.

பண்ணைக்காரர் வந்து முடியைப் பார்த்தார், வயலைப் பார்த்தார். பாட்டின் வேகத்துக்குக் கால் நகர்ந்ததில் குத்துக்குக் குத்து ஒரு முழம் இடைவெளி. நடுவில் எருமை படுக்கலாம்.

"இன்னாம்மா இது, நடவா? தென்னந்தோப்பு வெச்சிருக்கீங்க! யாரு மின்பாட்டு?"

எல்லாரும் குனிந்து காலில் இருந்த சேற்றை வழித்தார்கள். அண்ணி மட்டும் கையைத் தூக்கினாள்.

அந்த நேரம் அண்ணன் சைக்கிளில் வந்து இறங்கினான். தெருவில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மடிப்புக் கலையாத பேண்ட், பட்டாளத்து பூட்ஸ். பெண்டாட்டி முழங்கால் சேற்றோடு ஏச்சு வாங்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் முகம் சிவந்துவிட்டது. கத்த ஆரம்பித்தான்.

"யம்மா, இங்கியும் இவள ஆட வுட்டியா? ஓட்டல்ல கண்டவன் ஆடறதுக்குப் பாடிக்கினு இருந்தவள நிறுத்தி, உங்கிட்ட வுட்டுட்டுப் போலாம்னு கூட்டியாந்தா…"

சொன்ன பிறகுதான் தன் வாயாலேயே உடைத்துவிட்டது அவனுக்கு உறைத்தது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். சத்தியம் என் பக்கம் பத்திரம்.

அம்மா தலைத்துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள்.

"ஓட்டல்லயா பாடுச்சி?"

"ஆமா."

"மின்பாட்டா, பின்பாட்டா?"

"மின்பாட்டுதான்" என்றான் தலையைக் குனிந்துகொண்டு.

"பின்னால எத்தினி பேரு?"

"வாத்தியம் பத்துப் பேரு. பாடறவங்க மூணு பேரு. கீழ ஆடறவங்களுக்குக் கணக்கில்ல."

"அங்க திரும்பக் கூப்புடறாங்களா?"

அண்ணன் சைக்கிள் ஸ்டாண்டைச் சரிசெய்தான். நான் வாயைத் திறந்தேன். "கூப்புடறாங்கம்மா. நவம்பர்ல ரெக்கார்டு. போவலைன்னா வேற ஒருத்தி பாடிடுவா." சத்தியம் செய்தது ஓட்டலைப் பற்றித்தானே, கடிதத்தைப் பற்றி இல்லையே!

அம்மா அண்ணியிடம் போனாள். "போவணுமா கண்ணு?" என்றாள். அண்ணி தலையாட்டினாள். அத்தனை நாளாக வராத கண்ணீர் அப்போதுதான் வந்தது.

"டேய்" என்றாள் அம்மா, அண்ணனைப் பார்த்து. "முப்பது வருஷமா நான் மின்பாட்டு பாடறேன். ஒரு நாள் என்ன வரிசைக்குப் பின்னால நிறுத்திப் பாரு, சோறு எறங்காது எனக்கு. இவ பாட்டுக்கு இருமிக்கினு நானே ஓடுனேன்டா. இவளக் கொண்டாந்து எம்பின்னால ரெண்டு வருஷம் நிறுத்தறியா? இட்டுக்கினு போய் அவ எடத்துல வுட்டுட்டு நீ எந்த நாட்டுக்கு வேணா போ."

"ஊருல நாலு பேரு…"

"நாலு பேரும் இங்கதான் நிக்கறாளுங்க. கேளு."

"நாங்க இன்னா சொல்லப்போறோம்? அவ போறதுக்குள்ள அந்தப் பாட்ட இன்னொரு தபா எடுக்கச் சொல்லு!" என்றாள் வரிசையில் ஒருத்தி.

"அடியே, மொதல்ல எடைவெளி நடுங்கடி!" என்று பண்ணைக்காரர் கத்தினார். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மத்தியானம் எல்லாரும் மறுபடி இறங்கி இடைவெளியில் நட்டார்கள். அம்மா இருமலோடு மெதுவாக முன்பாட்டு எடுத்தாள். அண்ணன் கொஞ்ச நேரம் வரப்பில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு பூட்ஸைக் கழற்றி, பேண்டை மடித்துவிட்டு, என் பக்கத்தில் வந்து முடி வீசினான். குறி ஒன்றும் சரியில்லை. பட்டாளத்தில் என்ன கற்றுக்கொடுத்தார்களோ.

ஐப்பசியில் இரண்டு பேரும் கிளம்பினார்கள். பாதி வழியில் பிரிந்து அவன் சாடுக்கும் அவள் அபிஜானுக்கும் போனார்கள். ரெக்கார்டு எடுத்தார்கள். அடுத்த வருஷம் பொங்கலுக்கு முன்னால் அது தபாலில் எனக்கு வந்தது. அட்டையில் அண்ணி மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வில்லியனூரில் ஒரு கல்யாணத்தில் முதல் முதலாகப் போட்டேன். சமையல்காரர் கரண்டியோடு வெளியே வந்து ஆடினார். இந்தியாவிலேயே அந்த ரெக்கார்டை முதலில் போட்டவன் நான்தான். இல்லை என்று நிரூபிக்கட்டும் பார்க்கலாம்.

அதன் பிறகு அண்ணிக்கு நிற்க நேரம் இல்லை. பக்கத்து நாடுகளுக்கெல்லாம் போய்ப் பாடினாள். பாரீசில் ஒரு தடவை. ஒவ்வொரு ரெக்கார்டு அட்டையிலும் ஒரு புதுக் கொண்டை, ஒரு புடவை மாதிரித் துணி. அண்ணன் பட்டாளத்தில் ஓய்வு வாங்கிக்கொண்டு அபிஜானுக்கே போய்ச் சேர்ந்தான். ஊர் ஊராக அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவன் அவன்தான். ஓட்டலில் எவன் ஆடுகிறான் என்று முறைத்தவன், கூட்டம் குறைந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வானாம்.

எண்பதுகளின் நடுவில் அண்ணி பாடுவதை நிறுத்தினாள். தொண்டைக்கு ஒன்றுமில்லை. கூப்பிடாமலும் இல்லை. போதும் என்று அவளுக்கே தோன்றியதாம். அவள் அம்மாவுக்கு வயதாகிவிட்டது, சந்தையில் துணிக்கடையில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணனிடமிருந்து எனக்குக் கடிதம் வந்தது. நாலு பக்கம். வீடே இருட்டி விட்டது மாதிரி இருக்கிறது, வாத்தியக்காரர்கள் தினமும் வாசலில் நிற்கிறார்கள், எவ்வளவு கெஞ்சியும் கேட்கமாட்டேன் என்கிறாள், நீ சொன்னால் கேட்பாள், பாடச் சொல்லி ஒரு கடிதம் போடு என்று எழுதியிருந்தான்.

நான் சொன்னால் அண்ணி கேட்டிருப்பாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் அந்தக் கடிதத்தைப் போடவில்லை.