அக்காவின் நோய்க்கு ஒரு பெயர் இருந்தது

எங்கள் அன்பு அக்கா மன்னாரில் ஒரு மீனவக் குடும்பத்தின் மூத்த மகளாகப் பிறந்தார். கடலுக்குப் போன எங்கள் ஐயா திரும்பி வராத ஆண்டில் அவர் பள்ளிக்கூடத்தை விட்டார். பிறகு பேச்சும் குறைந்து நின்றுபோயிற்று. தலை வாராமல், சாப்பிடாமல், சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். கோயிலுக்கு நேர்ந்தோம், எண்ணெய் மந்திரித்துப் பூசினோம். யாழ்ப்பாணத்து வைத்தியர் கொடுத்த குளிசையில்தான் அக்கா எழுந்தார். கலியாணம் பேசி வந்ததும் அம்மா குளிசையை நிறுத்திவிட்டார்.

"மாப்பிள்ளை பகுதிக்குத் தெரிஞ்சால் எல்லாம் குழம்பிடும்" என்றார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அக்கா அத்தானோடு இத்தாலியின் பலெர்மோ நகருக்கு வந்து, சீசா பகுதியில் குடியேறினார். கால்சா பகுதியில், நாங்கள் சிஞ்ஞோரா என்று அழைக்கும் ஒரு வயோதிப இத்தாலியப் பெண்மணியைப் பராமரித்தார். மீனில் முள் எடுத்து, ஆறவைத்து ஊட்டுவார். என்னை இங்கு கூப்பிட்டவரும் அவரே. இங்குள்ள கத்தோலிக்கக் கோயிலின் பாடகர் குழுவில் முதலில் எழும் குரல் அக்காவுடையது.

ஒரு ஈஸ்டருக்குப் பிறகு அந்தக் குரல் எழவில்லை. பகலிலும் ஜன்னல்களைச் சாத்தி வைத்தார். ஒரு நாள் நான் போனபோது கறி கருகி வீடெல்லாம் புகை. அக்கா அடுப்பருகிலேயே இருந்தார்.

"மணக்கேல்லையோ, அக்கா?"

"மணக்குது. எழும்பேலாமல் கிடக்கு."

நான் அடுப்பை அணைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். ஐயா போன ஆண்டில் பார்த்த அதே கண்கள்.

மனநல வைத்தியரிடம் போனோம். மொழிபெயர்த்தது நான். முன்பும் இப்படி வந்ததா என்று அவர் கேட்க, அத்தான் இல்லை என்றார். அவருக்கு உண்மையாகவே தெரியாது. அப்போது அக்கா தலை நிமிர்ந்தார்.

"வந்தது. ஊரிலை குளிசை எடுத்தனான். இவருக்குத் தெரியாது. அப்பிடியே சொல்லு, பிள்ளை."

 பஸ்ஸை விட்டு இறங்கியதும் அத்தான் அக்காவிடம் கேட்டார்.

"என்னட்டை ஏன் மறைச்சனீர்?"

"விட்டிட்டுப் போயிடுவியள் எண்டு பயந்தனான்."

அன்றிலிருந்து தினமும் குளிசையை எடுத்துக் கொடுத்தவர் அத்தான்தான். அக்கா தேறினார். கோடையில் மொண்டெல்லோ கடலில் முழங்கால் வரை இறங்கி நின்று சிரித்தார். ஆனால் கண்டவர்கள் எல்லாம், "சுகமாத்தானே இருக்கிறீர், இனியும் ஏன் குளிசை?" என்று கேட்டார்கள். அக்கா குளிசையை வாயில் வாங்கி, ஒருவருக்கும் தெரியாமல் துப்பத் தொடங்கினார். குளிர் தொடங்கும்போது மறுபடி படுக்கையில் விழுந்தார். வைத்தியரிடம் நாள் எடுத்திருந்தோம். அந்த நாள் வருமுன் நோய் அக்காவைக் கொண்டுபோய்விட்டது.

அக்காவின் ஓராண்டு நினைவாக வரும் இந்த மலரில் "திடீர் சுகவீனம்" என்று போடச் சிலர் சொன்னார்கள். அத்தான் சம்மதிக்கவில்லை.

"அவவே வாய் திறந்து சொன்னவ. நாங்கள் ஏன் மூடுவான்? மனச்சோர்வு நோய் எண்டு போடும், தங்கச்சி."

அடக்கத்தன்று ஒரு தாய் என் கையைப் பிடித்து, "என்ரை மகளும் இப்ப ஒருத்தரோடையும் கதைக்கிறேல்லை" என்றார்.  அவர் வீட்டைப் போல இன்னும் எத்தனை வீடுகளோ என்ற பயம் இந்த ஓராண்டாக என்னை விடவில்லை.

பங்குத் தந்தைக்கும், சமைத்துக் கொண்டுவந்த அயலவர்களுக்கும், தடியூன்றி அடக்கத்துக்கு வந்த சிஞ்ஞோராவுக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி. இதை வாசிக்கையில் உங்கள் வீட்டில் ஒருவருடைய முகம் தோன்றினால், தயவுசெய்து எங்களிடம் வாருங்கள். வைத்தியரிடம் அத்தான் கூட வருவார். மொழிபெயர்க்க நான் வருவேன்.