பக்கத்து வீட்டுக் கோதுமை

எங்கள் வீட்டில் யாருடைய பாத்திரத்தையும் வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. இது அம்மாவின் சட்டம். பழைய மிக்சர் என்றாலும் போட்டுத்தான் கொடுப்பார். டொரொன்டோவில், டான்ஃபோர்த் தெருவுக்குப் பக்கத்து மாடிக் கட்டடம் ஒன்றில் நாங்கள் இருந்தபோது, இந்தச் சட்டத்தால் அதிகம் பயனடைந்தவர் பக்கத்து வீட்டுக் கிரேக்க அங்கிள். பேக்கரியில் வேலை, தனி ஆள். அவர் பாண் தருவார், நாங்கள் வடை கொடுப்போம்.

2015இல் எனக்கு ஒன்பது வயது. அந்தக் கோடையில் கிரேக்கத்தில் வங்கிகளைப் பூட்டிவிட்டார்கள். தீவில் இருக்கும் தன் அக்கா காசு எடுக்க வெயிலில் வரிசையில் நிற்கிறாள் என்று அங்கிள் லிஃப்டுக்குள் நின்று அரசாங்கத்தைத் திட்டுவார். அப்பாவுக்கு அந்தப் பேச்சு மிகவும் பிடிக்கும். நாடு வேறானாலும் திட்டு ஒன்றுதானே. இலையுதிர்காலம் வந்ததும் அங்கிள் பேச்சைக் குறைத்துக்கொண்டார். தொலைக்காட்சியில் அவருடைய தீவைக் காட்டினார்கள். துருக்கியிலிருந்து ரப்பர் படகுகளில் வந்து இறங்குகிறவர்கள், இறங்காமல் போனவர்கள். செய்தி தொடங்கினால் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து, திரைக்கு முன்னால் நின்றபடியே பார்ப்பார்.

அம்மாவின் தம்பி, என் மாமா, நான் பிறப்பதற்கு முன்பே யாழ்ப்பாணத்திலிருந்து அதே வழியால் வரப் புறப்பட்டவர். துருக்கியிலிருந்து ‘நாளைக்குப் படகு’ என்று போன் எடுத்தவர், பிறகு எடுக்கவேயில்லை. அவருடைய படம் எங்கள் ஹோல் சுவரில், உயிரோடு இருப்பவர்களின் படங்களுக்கு நடுவில் தொங்கியது. கோயிலில் செத்தவர்களுக்கான கிரியையைச் செய்துவிடுவோம் என்று அப்பா எப்போதாவது மெல்லத் தொடங்குவார்.

"உயிரோட இருக்கிறவனுக்கு ஆரும் அந்தியேட்டி செய்வினமோ?" என்பார் அம்மா.

தீபாவளி முடிந்த ஒரு புதன்கிழமை, அங்கிள் கதவடியில் ஒரு தட்டைத் தந்துவிட்டு அவசரமாகப் போனார். அவித்த கோதுமை. மேலே வெள்ளைச் சீனி மா, மாதுளை முத்துகள், வெள்ளி பூசிய பாதாம்.

"கேக் மாதிரிக் கிடக்கு. உந்த மனுசனுக்குப் பிறந்தநாள் போல," என்றார் அம்மா.

கோதுமையை எங்கள் கிண்ணத்துக்கு மாற்றி, தட்டைக் கழுவி, லட்டும் முறுக்குமாக நிரப்பி என்னிடம் தந்தார். நான் போய் அங்கிளின் கதவில் நின்று ஆங்கிலத்தில் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னேன். பாடவும் தொடங்கினேன்.

அங்கிள் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. உள்ளே மேசையில் மெழுகுதிரி எரிந்தது. அது செத்தவர்களுக்காக அவிக்கும் கோதுமை என்றார். தன் தீவில் கடல் கொண்டுவந்து போடுகிறவர்களின் பெயர் யாருக்கும் தெரியாதாம், அவர்களின் வீட்டுக்குச் செய்தியும் போகாதாம். அவர்களுக்கு அவிக்க ஆளில்லையே என்று அக்கா அங்கே அவித்தாளாம், தான் இங்கே அவித்தாராம். லட்டுத் தட்டை வாங்கி மெழுகுதிரிக்குப் பக்கத்தில் வைத்தார். ஒன்றையும் வாயில் போடாதது எனக்கு மனவருத்தம்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ஒரு சொல் விடாமல் ஒப்புவித்தேன்.

அம்மா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய், ஒரு பிடி கோதுமையைச் சுவரில் வைத்து, "கா... கா..." என்று கூப்பிட்டார். அந்தக் குளிரில் காகம் எங்கே வரும்? ஏரிப் பக்கமிருந்து ஒரு வெள்ளைக் கடற்பறவைதான் வந்து இறங்கியது.

"அம்மா, உது காகமில்லை," என்று சிரித்தேன்.

"பரவாயில்லை. வந்தது தின்னட்டும்," என்றார்.

உள்ளே வந்தவர் நேரே குளியலறைக்குப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றினார். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைதான் முழுக்கு. அதுவும் அம்மாவின் சட்டம். சட்டம் போட்டவரே பிழை விட்டுவிட்டார் என்ற சந்தோஷத்தில் ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன்.

"அம்மா, இண்டைக்குப் புதன்கிழமை!"

"ஓம் பிள்ளை, தெரியும்," என்றார், தண்ணீரை நிறுத்தாமலே.

தெரிந்துகொண்டும் ஏன் முழுகுகிறார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.