அம்புரோஸ் கோர்ட்டுக்குக் கொடுத்த தாள்

அம்புரோஸ் வாழ்நாளில் ஒருமுறைகூட டிராக்டர் ஓட்டியதில்லை. பிறந்தது ராயபுரம், வளர்ந்தது ராயபுரம், வேலை பார்த்தது துறைமுகத்தில், சரக்கு எண்ணி எழுதும் கிளார்க்காக. வயலை ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. ஆனால் அவர் வீட்டு மாடி அறையில், டிராக்டர், கதிரடிக்கும் மெஷின், தீவனம் நறுக்கும் மெஷின் என்று விவசாயக் கருவிகளை விற்பதற்காகக் கம்பெனிகள் அச்சடித்த பழைய விளம்பரத் தாள்கள் மூவாயிரத்துக்கு மேல் இருந்தன.

எண்பத்தொன்றாம் வருஷம், கப்பலிலிருந்து இறக்கிய மரப்பெட்டி ஒன்று அவர் கண்ணெதிரே உடைந்தது. உள்ளே சிவப்பு டிராக்டர். அதன் சீட்டில் கட்டியிருந்த பையிலிருந்து வழவழப்பான தாள்கள் காற்றில் பறந்தன. அத்தனையையும் ஓடி ஓடிப் பொறுக்கி சூப்பர்வைசரிடம் கொடுத்தார். அவர் ஒன்றை இவரிடமே நீட்டினார். "இன்னாபா அப்படிப் பாக்கற, வச்சுக்கோ." இஞ்சினை நடுவில் வெட்டிக் காட்டிய படம் அது. எந்தப் பல் எந்தப் பல்லோடு சேரும், எண்ணெய் எந்த வழியாகப் போகும் என்று அம்பு போட்டிருந்தது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம். பழைய பேப்பர் கடை, மூடிப்போன டீலர்களின் குடோன், தபால் என்று நாற்பது வருஷத்துக்கு மேலாகச் சேர்த்தார். கடல் காற்றில் தாள் ஊறிவிடும் என்று ஒவ்வொன்றையும் கண்ணாடித் தாள் உறையில் போட்டு வைத்தார். அவர் மனைவி கிறிஸ்டினாகூடக் கை துடைத்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

போன வருஷம் ஆடி மாதம் ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். பெயர் ஜெஸ்லின். கிறிஸ்டினா பிரஷர் மாத்திரை வாங்கும் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். கிறிஸ்டினாதான் வரச் சொல்லியிருந்தாள்.

"அங்கிள், இந்த மெஷின் உங்களுக்குத் தெரியுமா?" என்று போனில் ஒரு போட்டோவைக் காட்டினாள்.

பச்சை பெயிண்ட் உரிந்த, மாட்டுத் தீவனம் நறுக்கும் மெஷின். அம்புரோஸ் கண்ணாடியைக்கூடப் போடவில்லை. "நீலமணி கம்பெனி, எண்பத்தெட்டு மாடல். கம்பெனி மூடி முப்பது வருஷம் ஆவுது. ஆனா இதுல பாதி ஐட்டம் காணோமே. முன்னாடி ஒரு மூடி இருக்கணும். சைடுல ஒரு லீவர்."

ஜெஸ்லின் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "இருக்கணுமா? நிச்சயமாவா?"

அம்புரோஸ் உற்சாகமாக மாடிக்குப் போய்த் தாளை எடுத்து வந்தார். நீல மையில் அச்சடித்த தமிழ்த் தாள். மெஷின் படம், பாகங்களுக்கு எண்கள். ஐந்து, பாதுகாப்பு மூடி. ஆறு, பின்னோக்கு லீவர். அதன் கீழே ஒரு வரி: 'கை சிக்கினால் ஒரே தட்டில் உருளை பின்னால் சுழலும்.'

அதைப் படித்ததும் அந்தப் பெண் அழுதாள். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அவள் அம்மா ஜெயக்கொடி, திருவொற்றியூர் தேரடிப் பக்கம் தீவனக் கடையும் அதற்குப் பின்னால் எருமைக் கொட்டகையும் வைத்திருக்கும் தவசிமுத்துவிடம் வேலை பார்த்தவள். பங்குனியில் அந்த மெஷின் அவள் வலது கையை மணிக்கட்டு வரை எடுத்துவிட்டது. நஷ்டஈடு வழக்கு நடந்துகொண்டிருந்தது. மெஷினைக் கம்பெனியில் புதிதாக வாங்கியபோதே அப்படித்தான் இருந்தது, தான் எதையும் கழற்றவில்லை, ஜெயக்கொடிதான் கவனமில்லாமல் கையை விட்டாள் என்று தவசிமுத்து சொல்லியிருந்தார். மறுத்துச் சொல்லக் கம்பெனியும் இல்லை, ஆளும் இல்லை.

தவசிமுத்து என்ற பெயரைக் கேட்டதும் அம்புரோஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவரை நன்றாகத் தெரியும். தவசிமுத்துவின் அப்பா தெற்கே டிராக்டர் ஏஜென்ட்டாக இருந்தவர். அவர் விட்டுப்போன ஒரு டிரங்குப் பெட்டி நிறைய விளம்பரத் தாள்கள் அந்தக் கடை மச்சில் இருந்தன. பதினோரு வருஷமாக அம்புரோஸ் கேட்டுக்கொண்டிருக்கிறார். பதினோரு வருஷமாகத் தவசிமுத்து, "பாப்போம் அண்ணாச்சி," என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஜெஸ்லின் தாளைப் போட்டோ எடுத்துப் போனாள். அவர்களுடைய வக்கீல் வல்லரசு அதைக் கோர்ட்டில் கொடுத்தார். எதிர்த்தரப்பு உடனே எழுந்தது. போன் போட்டோ செல்லாது, யாரும் கம்ப்யூட்டரில் செய்துவிடலாம், அசல் வேண்டும், வைத்திருக்கிறவரும் வந்து சொல்ல வேண்டும் என்றது. நீதிபதி திங்கட்கிழமைக்குத் தள்ளிவைத்தார்.

வல்லரசு நேரில் வந்து சொன்னார். "சார், அசலைக் கோர்ட்லயே வச்சுப்பாங்க. அப்பீல்லாம் முடியற வரைக்கும் திரும்ப வராது. ஓட்டை போட்டு ஃபைல்ல கோப்பாங்க, சீல் குத்துவாங்க. முன்னாடியே சொல்லிடறேன்."

"ஓட்டையா?" என்றார் அம்புரோஸ். அவருக்குத் தெரிந்து அந்தத் தாளுக்கு இன்னொரு பிரதி கிடையாது.

வியாழக்கிழமை காலை தவசிமுத்துவிடமிருந்து போன் வந்தது. "ஒரு எட்டு வந்துட்டுப் போங்க அண்ணாச்சி." அம்புரோஸ் கிறிஸ்டினாவிடம் சொல்லாமல் ஷேர் ஆட்டோ பிடித்தார். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் அசையாமல் நின்றன. ஏன் போகிறோம் என்று அவருக்குத் தெரிந்தேயிருந்தது. இறங்கித் திரும்பியிருக்கலாம். இறங்கவில்லை.

டிரங்குப் பெட்டி கீழே இறக்கித் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. தவசிமுத்து மூடியைத் திறந்தார்.

"இத்தனை வருசமா கேட்டீங்கல்லா. இந்தா, பாருங்க."

அம்புரோஸ் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். ஒரு பூச்சி அரிப்புகூட இல்லை. நான்காவதாக எடுத்தது, எங்கோ ஒரு சுவரில் ஒரே ஒருமுறை பார்த்து முப்பது வருஷம் தேடியது. அறுபதுகளில் வந்த ருமேனியா டிராக்டருக்கு உள்ளூர் ஏஜென்ட் போட்ட தமிழ்த் தாள். மஞ்சள் பின்னணி, தலைப்பாகை கட்டிய ஒருவர், பின்னால் மூன்று கலப்பை.

"மொத்தமும் எடுத்துக்கிடுங்க. ஆட்டோவும் நானே பிடிச்சுத் தாரேன். அந்த ஒரு தாளை மட்டும் எங்கிட்ட குடுத்துருங்க."

"அண்ணாச்சி..." என்று இழுத்தார் அம்புரோஸ்.

"நான் ஒண்ணும் கொலைகாரன் இல்ல. மூடி இருந்தா சோளத்தட்டை அடைச்சுக்கிடுது, வேலை ஓட மாட்டேங்கு. அதான் கழட்டினேன். லீவர் ஒடஞ்சு போச்சு, மாத்தல. ஊர்ல எவன் மாத்துதான்? ஆஸ்பத்திரிச் செலவு பூரா நான்தான் பாத்தேன். ஆனா கோர்ட்ல தப்புன்னு எழுதிட்டா, கடைய இழுத்து மூட வேண்டியதுதான்." கண் கலங்கிச் சொன்னார். நடிப்பாகத் தெரியவில்லை. அதுதான் அம்புரோஸை இன்னும் கஷ்டப்படுத்தியது.

'முடியாது' என்று அவர் சொல்லவில்லை. "ஞாயித்துக்கெழமை சொல்றேன்," என்று மஞ்சள் தாளைத் திரும்ப வைத்துவிட்டு வந்தார்.

அன்றும் மறுநாளும் வீட்டில் அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஜெஸ்லின் போன் செய்தாள், எடுக்கவில்லை. தொலைந்துபோய்விட்டது என்று சொன்னால் யார் வந்து தேடப்போகிறார்கள்? கரையான் என்று சொல்லலாம். இப்படியெல்லாம் தனக்கு யோசிக்க வருகிறதே என்று அவருக்கே பயமாக இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் சோற்றைப் போட்டுவிட்டுக் கிறிஸ்டினா எதிரில் உட்கார்ந்தாள்.

"யோவ், இன்னா விசயம்? அந்தப் பொண்ணு எனக்குப் போன் பண்ணி அழுவுது."

அவர் சொல்லிவிட்டார். பெட்டி, மஞ்சள் தாள், எல்லாம். திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் திட்டவில்லை.

"அந்தம்மாவ நீ ஒரு தடவையாவது பாத்துகிறியா?"

"இல்ல."

"போய்ப் பாத்துட்டு வா. அப்புறம் உன் இஸ்டம். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

ஜெயக்கொடியின் வீடு திருவொற்றியூர் ரயில் பாதையை ஒட்டி ஒரே அறை. அவள் தரையில் உட்கார்ந்து, பூண்டுப் பல்லைக் கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் பிடித்து இடது கையால் உரித்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"நீங்கதானா பேப்பர் வச்சிருக்கிறது?" என்றாள். "அதுல லீவர் போட்டிருக்காமே, நெசமா?"

"ஆமாம்மா."

"மொதல்ல ரெண்டு விரலுதான் மாட்டிச்சு. நான் கத்துனேன். சுவிட்சு அந்தச் செவுத்துல. கடைக்காரர் ஓடி வந்து அமத்துறதுக்குள்ள உள்ள போய்ட்டே இருந்துச்சு. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். வலிகூட அப்பத் தெரியல. எதையாவது இழுத்தா நிக்குமான்னு இந்தக் கையால மெஷின் பூரா தடவினேன். ஒண்ணுமே கையில சிக்கல." இடது கையைத் திருப்பிப் பார்த்தாள். "லீவர் எந்தப் பக்கம் இருக்கும்?"

"இடது பக்கம்," என்றார் அம்புரோஸ். "கைக்கு எட்டற தூரத்துல."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அழவில்லை. உரித்த பூண்டைத் தட்டில் போட்டாள்.

அம்புரோஸ் வெளியே வந்து ரயில்வே கேட் பக்கத்தில் நின்றே தவசிமுத்துவுக்குப் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கும் தைரியம் அவருக்கு இல்லை. "அண்ணாச்சி, தாளைக் கோர்ட்டுக்குக் குடுத்துடறேன்," என்றார். போனில் எருமை கத்தும் சத்தம் கேட்டது. பிறகு போன் துண்டிக்கப்பட்டது.

திங்கட்கிழமை அம்புரோஸ் கூண்டில் ஏறினார். வல்லரசு கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். எப்போது கிடைத்தது, யார் கொடுத்தார்கள், எப்படி வைத்திருந்தார். கடையில் தவசிமுத்து தனியாகச் சொன்னதற்குச் சாட்சி இல்லை; அதைப் பற்றி யாரும் கேட்கவும் இல்லை. பிறகு தவசிமுத்துவின் வக்கீல் எழுந்தார். வெள்ளைத் தலை, நிதானமான குரல்.

"தாளோட அடியில பொடி எழுத்துல ஒரு வரி இருக்கு. சத்தமா படிங்க."

அம்புரோஸ் படித்தார். "நட்சத்திரக் குறியிட்ட பாகங்கள் தனி விலைக்கு."

"அதாவது அந்தப் பாகங்கள் மெஷினோட வராது. காசு குடுத்துத் தனியா வாங்கணும். சரியா?"

"சரிங்கய்யா."

"அஞ்சாம் எண், பாதுகாப்பு மூடி. அந்த எண்ணுக்குப் பக்கத்துல என்ன இருக்கு?"

அம்புரோஸ் பார்த்தார். ஐந்துக்குப் பக்கத்தில் மங்கலாக ஒரு புள்ளி. எத்தனையோ முறை பார்த்த தாள்தான். அந்தப் புள்ளி ஒருநாளும் அவர் கண்ணில் படவில்லை. வல்லரசு மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின் பெஞ்சில் ஜெயக்கொடி இடது கையால் மகளின் தோளைப் பிடித்திருந்தாள். ஒரு கணம் அவருக்கே சந்தேகம் வந்தது. மூடி தனி விலைதானோ? இத்தனை நாள் தப்பாகப் படித்துவிட்டோமோ?

"சொல்லுங்க. நட்சத்திரம்தானே?"

"ஐயா," என்று நீதிபதியைப் பார்த்தார் அம்புரோஸ், "என் பையில பூதக்கண்ணாடி இருக்கு. எடுத்துக்கவா?"

நீதிபதி தலையசைத்தார்.

கண்ணாடியைத் தாளின் மேல் பிடித்தார். முழங்கையைக் கூண்டுக் கட்டையில் ஊன்றிக்கொண்டார். முதலில் இரண்டாம் எண், மோட்டார். பக்கத்தில் நட்சத்திரம், நீல மை, ஆறு முனை. ஒன்பதாம் எண், சக்கரம். அதே நீலம், அதே ஆறு முனை. பிறகு ஐந்து. அங்கே இருந்தது பழுப்பு நிறம். முனை எதுவும் இல்லை. நடுவில் ஊசி நுழையும் அளவு ஓட்டை. தாளை மெதுவாகத் திருப்பினார். பின்பக்கமும் அதே இடத்தில் பழுப்பு வட்டம்.

கண்ணாடியைத் தாழ்த்தினார். "ஐயா, இது நட்சத்திரம் இல்ல. குண்டூசி குத்துன துரு."

"யார் குத்தினது?" என்றார் வக்கீல்.

"நான்தான்."

"இத்தனை வருஷமா பொக்கிஷம் மாதிரி பாதுகாக்கறேன்னு இப்பதானே சொன்னீங்க?"

"அப்போ எனக்குப் புத்தி இல்லைங்கய்யா. செவுத்துல குத்தி வச்சிருந்தேன். இதை யார்கிட்டயும் நான் சொன்னதில்ல."

யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. தாளையும் கண்ணாடியையும் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பி, விரல் நுனியால் தடவிப் பார்த்தார். எதிர் வக்கீலையும் கூப்பிட்டுக் காட்டினார். அவர் நெடுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, "வேறு கேள்வி இல்லை," என்று உட்கார்ந்தார்.

கோர்ட் கிளார்க் தாளை உறையிலிருந்து உருவி, ஓரத்தில் இரண்டு ஓட்டை போட்டார். அந்தச் சத்தத்தில் அம்புரோஸ் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது மெஷின் படத்தின் மேலேயே சிவப்பு சீல் விழுந்திருந்தது.

நான்கு மாதம் கழித்துத் தீர்ப்பு ஜெயக்கொடி பக்கம் வந்தது. மூடியைக் கழற்றியது முதலாளிதான் என்று நீதிபதி எழுதினார். தவசிமுத்து கடையை மூடவில்லை. கொட்டகைக்குப் புது மெஷின் வாங்கினார். ஆனால் டிரங்குப் பெட்டியை அந்த வாரமே பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிட்டார் என்று கேள்வி. அதைக் கேட்ட அன்று அம்புரோஸ் சாப்பிடவில்லை. பேப்பர்காரனிடம் ஓடினார். மூட்டை ஏற்கெனவே லாரி ஏறியிருந்தது. செய்தது சரி என்று தெரிந்தும் அந்த மஞ்சள் தாள் பல நாள் அவர் கண்ணை விட்டுப் போகவில்லை. அதைக் கிறிஸ்டினாவிடம் மறைக்கவும் இல்லை.

தைப் பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு ஜெயக்கொடி மகளோடு வீட்டுக்கு வந்தாள். மற்ற தாள்களையும் பார்க்க வேண்டும் என்றாள். அம்புரோஸ் மாடியில் பாய் விரித்து, நல்லதாக இருபது முப்பது எடுத்துப் பரப்பினார். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். பிறகு கேட்டாள்:

"எல்லாத்துலயும் பொம்பளைங்க பட்டுப் பொடவை கட்டிட்டு மெஷின் பக்கத்துல சிரிச்சுட்டே நிக்கிறாங்களே, ஒருத்தியாவது அதைத் தொட்டுட்டு நிக்கிறாளா?"

அம்புரோஸ் குனிந்து பார்த்தார். இவ்வளவு வருஷத்தில் அவர் பார்த்ததெல்லாம் பல்லும் சங்கிலியும் குதிரை சக்தியும்தான். இந்தப் பெண்களின் கைகளை அவர் பார்த்ததே இல்லை. எழுந்து அலமாரியிலிருந்து அடுத்த தாள்கட்டை இறக்கினார். ஜெயக்கொடி இடது கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உறைகளைப் பிரிக்கத் தொடங்கினாள்.