ஸ்தோத்திரம் என்ற ஒரே சொல்

முதல் அறிகுறி சாப்பாட்டு ஜெபத்தில் வந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்து, கடத்தூரில் எங்கள் வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம். என் கணவர் சாமுவேல், மோட்டாருக்குச் செம்புக் கம்பிச் சுருள் (காயில்) கட்டுகிறவர், வழக்கம்போல ஜெபிக்கத் தொடங்கினார். பாதியில் "ஸ்தோத்திரம்" என்றார். மறுபடியும் "ஸ்தோத்திரம்." அதற்குப் பிறகு வேறு சொல்லே வரவில்லை.

எங்கள் சபையில் ஆவியின் அபிஷேகம் பெறுகிறவர்கள், பரிசுத்த ஆவி தங்கள்மேல் இறங்கும்போது, அப்படித்தான் கர்த்தரைத் துதிக்கும் அந்த ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். அவர் பல வருடமாகக் காத்திருந்த அபிஷேகம் சோற்றுத் தட்டுக்கு முன்னால் இறங்கிவிட்டது என்று நினைத்தேன். கண்ணை இன்னும் இறுக்கி மூடி, நானும் சேர்ந்து ஸ்தோத்திரம் சொன்னேன். சோறு ஆறிப்போயிற்று.

நான் கண் திறந்தபோது அவர் முகத்தைக் கையில் புதைத்திருந்தார். படுக்க வைக்க எழுப்பினேன், கால் பின்னியது. அதையும் அபிஷேகம் என்றே எடுத்துக்கொண்டேன். சாயங்காலம் டீ டம்ளர் அவர் வலக்கையிலிருந்து நழுவியது. அப்போதுதான் அவர் வாய் கோணியிருப்பதைப் பார்த்தேன்.

பக்கத்து வீட்டுக் காரில் தருமபுரிக்குக் கொண்டுபோனோம். பக்கவாதம் (மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபடுவது) என்றார் டாக்டர்.

"பேச்சு எப்பம்மா குழறுச்சு?"

"மத்தியானம் ஜெபம் பண்ணும்போதுங்க."

"அப்பவே ஏன் கூட்டிட்டு வரலே? அடைப்பைக் கரைக்கற ஊசி போட்டிருக்கலாமே. இப்ப நேரம் தாண்டிருச்சும்மா."

"ஜெபம்னு நெனச்சுட்டேங்க" என்றேன். டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் யாருக்காவது பேச்சு குழறினால், வாய் கோணினால், கை கால் தளர்ந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். ஜெபத்தை வண்டியில் போகும்போது பண்ணிக்கொள்ளலாம்.

பிசியோதெரபி (தசைகளுக்கான பயிற்சி) செய்து கோல் ஊன்றி நடக்கத் தொடங்கினார். பேச்சு திரும்பவில்லை. அஃபேசியா (மனதில் இருப்பது வாயில் சொல்லாக வராத நிலை) என்றார்கள். அந்த ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. தண்ணீருக்கும் ஸ்தோத்திரம், கோபத்துக்கும் ஸ்தோத்திரம். என் பெயர் கலா. அதைக் கூட அவரால் கூப்பிட முடியவில்லை.

எங்கள் சபைப் பாஸ்டரம்மா பார்க்க வந்தார். அவர் இருக்கும்போது இவர் "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்றார். "வியாதியிலயும் கர்த்தரைத் துதிக்கிறாரு பாருங்க சிஸ்டர்! எப்பேர்ப்பட்ட சாட்சி!" என்று கண் கலங்கினார்.

"பாஸ்டரம்மா, கொஞ்சம் வெளிய இருங்க. அவருக்கு ஒண்ணுக்கு வருதுங்க" என்றேன்.

நான் கல்யாணத்துக்குப் பிறகு ஞானஸ்நானம் பெற்றவள். வாய்விட்டு ஜெபிக்கக் கூச்சம். "நீயும் ஒரு நாளு ஜெபம் பண்ணு கலா" என்பார் என் கணவர். "நீங்களே பண்ணுங்க, ஆமென் நான் சொல்றேன்" என்பேன். அவருக்குப் பேச்சிருந்த காலத்தில் ஒரு நாளாவது பண்ணியிருக்கலாம். தப்பாகச் சொன்னால் திருத்தியிருப்பார். இப்போது திருத்த ஆளில்லாமல் இந்த வயதில் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொள்கிறேன்.

ஒரு மதியம் தட்டை வைத்துவிட்டு அவரிடம் சொன்னேன். "அன்னிக்கு நான் கண்ணத் தொறந்து பாத்திருந்தா, உங்களுக்கு இப்பிடி ஆயிருக்காதுங்க. என்னை மன்னிச்சிருங்க."

என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "ஸ்தோத்திரம்" என்றார்.

அவருடைய எல்லா ஸ்தோத்திரமும் எனக்குப் பழக்கம். இது அவற்றில் எதுவும் இல்லை. மன்னித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ள ஆசைதான். ஆனால் அவர் சொன்ன ஸ்தோத்திரத்துக்கு நானாக ஒரு அர்த்தம் எடுத்துக்கொண்டு பட்டது போதும்.

இப்போது சாப்பாட்டு ஜெபம் நான்தான். "அப்பா, இந்தச் சோத்துக்கு ஸ்தோத்திரம். இவரு கைய நல்லாக்குங்க." அவ்வளவுதான், சோறு ஆறுவதற்குள் முடித்துவிடுவேன். அவர் கண்ணை மூடிக்கொள்கிறார். நான் மூடுவதில்லை. அவர் வாயோரத்தைப் பார்த்துக்கொண்டே ஆமென் வரைக்கும் ஜெபிக்கிறேன்.