கல்யாண நாளும் கடைசிப் பந்தியும்

நாற்பது வருஷம் கரண்டி பிடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், முதல் பந்தியில் சமையல்காரனைப் புகழ்கிறவர் யாரும் கடைசிப் பந்தி வரை இருந்து பார்த்ததில்லை. வீட்டில் விசேஷம் வைத்துவிட்டு, வாசலில் ஆள் சேரச் சேர அடுப்படியை எட்டி எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்களும் என் கட்சிதான், பயமில்லாமல் மேலே படிக்கலாம்.

அறுபது பேர் என்றார்

எண்பதுகளின் தொடக்கம். போடியில் என் வீட்டுக்கு முத்தையா என்று ஒருவர் வந்தார். போடிமெட்டுக்கு மேலே மூன்று ஏக்கர் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆகிறது, அந்த நாளில் அறுபது பேருக்குச் சாப்பாடு போட வேண்டும் என்றார். எங்கள் பக்கம் அப்போது கல்யாண நாள் கொண்டாடும் வழக்கமே கிடையாது. அதுவும் அந்த வருஷம் மழை பொய்த்து ஏலச்செடி காய்ந்து கிடந்தது. அதனால் பந்தல் கிடையாது, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரிலேயே பந்தி. வீட்டில் விளைந்த பூசணியும் அவரையும்தான் காய். பாயாசத்துக்கு ஏலக்காய் மட்டும் வேண்டிய அளவு போட்டுக்கொள்ளலாம்.

இத்தனை நெருக்கடியில் எதற்கு விருந்து என்று கேட்டேன். மனைவி ராசாத்தியின் பிடிவாதம் என்றார். அவர்கள் கல்யாணத்தில் அவள் வீட்டார் சாப்பிடாமல் எழுந்து போனார்களாம். ஒரு தடவையாவது அவர்களை உட்கார வைத்து வயிறாரப் போட வேண்டும் என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறாளாம். என் பெயரைச் சொன்னதும் அவள்தானாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கல்யாணம் எந்த ஊரில் நடந்தது என்று கேட்டேன். சிலமலை என்றார். நான் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். முத்தையா அதைக் கவனிக்காமல் காபியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்:

“அன்னைக்குச் சமைச்சவன் மட்டும் என் கையில சிக்குனா, மாஸ்டரு, அடுப்புலயே வச்சிருவேன்.”

சந்தை நாள்

அந்தச் சமையல்காரன் நான்தான். பெண் வீட்டார் பேசி, நான் தனியாக ஒப்புக்கொண்ட முதல் கல்யாணம் அது; மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்ததே இல்லை. சிலமலையில் எத்தனை வீடு என்று எண்ணி, வீட்டுக்கு இத்தனை தலை என்று போட்டு அரிசி அளந்தேன். அன்றைக்குப் போடியில் சந்தை என்பதை யோசிக்கவே இல்லை. மாப்பிள்ளை அப்போது மலையில் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தவர். சந்தைக்கு இறங்கிய தோட்டத்து ஆட்கள் அத்தனை பேரும் நம்ம முத்தையா கல்யாணமாச்சே என்று லாரியில் ஏறி வந்து இறங்கிவிட்டார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் முதலில் சாப்பிடுவதுதான் முறை. பெண் வீட்டுச் சொந்தங்கள் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தபோது இலையில் உப்பும் ஊறுகாயும் விழுந்தன. அண்டாவில் ஒரு பருக்கை கூட இல்லை. இது பெண்ணின் அப்பாவுக்கும் தெரியும். நான் கரண்டியைப் போட்டுவிட்டு, பின்பக்கமாக ஓடி வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். இல்லாத சோற்றுக்காக அவர் தன் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தது அங்கே வரை கேட்டது:

“எந்திரிச்சிராதீகப்பா, இந்தா சோறு வந்துக்கிட்டே இருக்கு.”

கணக்கில் இல்லாத மூட்டை

முத்தையாவிடம் முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள், அந்தப் பயம். விருந்தன்று விடிந்தும் விடியாமலும் வாடகைக்கு ஓட்டும் காதர் அண்ணன் ஜீப்பில் பாத்திரங்களை ஏற்றினோம். அரிசி மேலே முத்தையா வீட்டில் தயாராக இருந்தது. இருந்தும் என் வீட்டு அரிசியை ஒரு மூட்டை கட்டி அண்டாவுக்குள் ஒளித்து வைத்தேன். என் மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை.

ஜீப் மலைப்பாதையில் ஏறியது. மூன்றாவது வளைவில் அண்டா உருண்டு மூட்டை வெளியே வந்துவிட்டது. இது என்ன லோடு என்று காதர் அண்ணன் கேட்க, எனக்கு அழுகையே வந்துவிட்டது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

“ஓடுறதுன்னா இங்கயே எறங்கி ஓடிருங்க மாஸ்டர், மேல போயிட்டா ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம்.”

வேகாத பருப்பு

ஓடவில்லை. ஓடியிருக்கலாம் என்று பத்து மணிக்குத் தோன்றியது. கீழே போடியில் பருப்பு எவ்வளவு நேரத்தில் குழையும் என்று எனக்கு அத்துப்படி. அந்தக் கணக்கில்தான் மலையிலும் உலை வைத்தேன். தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, பருப்போ நசுக்கினால் கல்லாக நிற்கிறது. விறகைத் தள்ளினேன், மறுபடியும் தள்ளினேன். அதற்குள் அறுபது பேர் நூறாகிவிட்டார்கள். தலையில் துண்டைச் சுற்றி முகத்தை அடுப்புப் பக்கமே வைத்துக்கொண்டிருந்தேன். ராசாத்தி இரண்டு முறை வந்து நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

கடைசியில் அரைவேக்காட்டுப் பருப்பை ஆட்டுக்கல்லில் போட்டு ஆட்டி, பூசணியை மசித்து அதோடு சேர்த்து சாம்பாரை ஒரு வழியாகக் கெட்டியாக்கினேன். மூட்டையை அவிழ்த்து இரண்டாவது உலையும் வைத்தேன். காய் நறுக்க வந்த தோட்டத்துப் பெண் எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“இங்கன தண்ணி கொதிக்கும், சூடு பத்தாது. பருப்ப ராத்திரியே ஊறப் போட்ருக்கணும்ணே.”

அதே வரிசை

மூன்று பந்தி. ராசாத்தியின் சிலமலைச் சொந்தக்காரர்கள் எங்களுக்கு அவசரமில்லை என்று இந்தத் தடவையும் கடைசியில்தான் உட்கார்ந்தார்கள். வரிசையின் ஓரத்தில் ராசாத்தியின் அப்பா, தலை முழுக்க நரைத்திருந்தது. சோற்று வாளியை நானே தூக்கினேன். தலைத்துண்டை நெற்றி வரை இழுத்துவிட்டுக்கொண்டேன். அவர் இரண்டாம் முறை சோறு கேட்டார், போட்டேன். மூன்றாம் முறையும் கேட்டார், போட்டேன். நாலாவது முறை கேட்கப்போகிறார் என்று நான் வாளிக்குள் கரண்டியை விட, அவர் போதும் என்று கையால் இலையை மறைத்தார். அண்டாவில் இன்னும் ஓர் ஆளுக்குச் சோறு கிடந்தது.

அந்தச் சோற்றை ராசாத்தி எனக்கு இலை போட்டுப் பரிமாறினாள். சாம்பாரை ஊற்றும்போது, புருஷன் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

“அன்னைக்கு நீங்க வைக்கப்போருக்குப் பின்னால ஒக்காந்து அழுதத சன்னல் வழியாப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேண்ணே. வேற ஆளக் கூப்பிட்டா அறுபது பேருன்னா அறுபது பேருக்குத்தான் பொங்குவான். பயந்தவன்தான வீட்டு அரிசியக் கட்டிக்கிட்டு வருவான்?”

அன்றிலிருந்து யார் விசேஷம் என்று வந்து நின்றாலும் எத்தனை பேர் என்று நான் கேட்பதில்லை, அன்றைக்குச் சந்தை உண்டா என்று மட்டும் கேட்டுவிட்டு ஒரு மூட்டை அரிசியைத் தனியாக எடுத்து வைத்துவிடுகிறேன்.