செர்வாவின் வேனும் ஆஃப்ரியே அக்காவின் கடையும்

கானா நாட்டின் குமாசியில் சாவுச் சடங்கு என்றால் சனிக்கிழமை. சனிக்கிழமை என்றால் செர்வாவின் பிளாஸ்டிக் நாற்காலிகளும் பந்தலும். கணவன் போன பிறகு அவற்றை வாடகைக்கு விட்டுத்தான் பிள்ளைகளைக் கரையேற்றினாள். வேனைத் தானே ஓட்டுவாள். வருடம் தவறாமல் இன்சூரன்ஸும் எடுப்பாள்; இருப்பதிலேயே மலிவானது. செக்போஸ்டில் போலீஸ் கேட்டால் காட்ட வேண்டுமே, அதற்காக.

அந்தச் சனிக்கிழமை மழை. சாவு வீட்டுக்குப் போகும் வழியில், இறக்கத்தில் பிரேக் பிடித்தும் வண்டி வழுக்கி, ஆஃப்ரியே அக்காவின் சாப்பாட்டுக் கடைக்குள் புகுந்தது. யாருக்கும் அடியில்லை. ஆனால் பலகைக் கடை சாய்ந்து, காராமணி போட்டு வேகவைத்த வாச்சேச் சோறு சேற்றில் கொட்டியது. வேனில் ஒரு விளக்கும் போயிற்று.

"கண்ண வீட்லயே வச்சுட்டு வந்தியாடி?" என்று கத்தினாள் ஆஃப்ரியே.

கூட்டம் சேர்ந்தது. "போலீஸ் எதுக்கும்மா? வண்டிய ஸ்டேஷன்ல போட்ருவாங்க. அங்க சாவு வீட்ல எல்லாரும் நின்னுக்கிட்டு இருப்பாங்க. உங்களுக்குள்ள பேசி முடிங்க" என்றார் எதிர்க்கடை தையல்காரர். அந்த ஊரில் எப்போதும் அப்படித்தான். செர்வா மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டாள். கடையைத் தானே கட்டித் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். வேனை இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்திருந்தாள்.

திங்கட்கிழமை இன்சூரன்ஸ் ஆபீஸில் ஒஃபோசு என்ற இளைஞன் உதட்டைப் பிதுக்கினான்.

"உங்க வண்டிக்கு ஒண்ணும் கிடைக்காதும்மா. இந்த பாலிசி நீங்க இடிச்சவங்களுக்கு மட்டும்தான்."

"கட்டினது நான், கிடைக்கிறது அவங்களுக்கா?"

"ஆமா. உங்க வண்டிக்கும் வேணும்னா முழு பாலிசி எடுத்திருக்கணும்."

"சரி, அவங்க கடைக்காச்சும் குடுங்க."

"போலீஸ் ரிப்போர்ட் எங்க?"

தையல்காரர் சொன்னதைச் செர்வா சொன்னாள்.

"பேசி முடிச்சிட்டீங்களாக்கும்! நானே கட்டித் தர்றேன்னு வாக்கு வேற குடுத்திருப்பீங்க. எங்கள கேக்காம அதயும் குடுக்கக் கூடாது. இன்னைக்கே ரெண்டு பேரும் ஸ்டேஷனுக்குப் போங்க. கடை கிடக்கிறபடியே கிடக்கட்டும், போலீஸ் வந்து பாக்கணும். அப்புறம் ரிப்போர்ட்ட மேலிடத்துக்கு அனுப்பிப் பாக்கிறேன். உறுதி சொல்ல முடியாது."

ஆஃப்ரியே வர மறுத்தாள். "இடிச்சது நீ, ஸ்டேஷனுக்கு நானா? கடையையும் தொடக்கூடாதுங்கற. அதுவரைக்கும் எங்க நின்னு விப்பேன்?"

செர்வா வேனைத் திறந்தாள். சாவு வீட்டுப் பந்தலை இறக்கித் தெருவோரம் கட்டினாள். நாற்காலிகளை இழுத்துப் போட்டாள்.

"இங்க வித்துக்குங்கக்கா. கடை எழும்புற வரைக்கும் வாடகை வேணாம்."

வாச்சே வாங்க வந்த ஒருவன் பந்தலைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினான். "யாரு போயிட்டாங்க?"

"இவ வண்டியோட லைட்டு" என்றாள் ஆஃப்ரியே. கரண்டியை மகளிடம் கொடுத்துவிட்டு வேனில் ஏறி உட்கார்ந்தாள்.

"மெதுவா ஓட்டு. ஸ்டேஷனையும் போய் இடிச்சுடாத."