அறாத ரப்பர் பேண்ட்

ஐம்பத்திரண்டு வயதில், தொப்பையோடு, விமானத்திலிருந்து குதிக்கப் பழகிய முட்டாள் நான். முதல் பாராசூட் விரியாவிட்டால் காப்பாற்றும் ரிசர்வ் பாராசூட்டின் கயிறுகளை மடித்துக் கட்ட, ரங்கநாதன் தெருவில் ஹேர்பேண்ட் வாங்கியது அதைவிடப் பெரிய முட்டாள்தனம்.

அடையாறில் அந்தப் பாராசூட்டை மடித்துத் தருபவர் ஒல்லியான, சிரிக்காத மனிதர். கயிறு கட்ட வாங்கும் ஒவ்வொரு ரப்பர் பேண்ட் பொட்டலத்திலிருந்தும் ஒன்றை எடுத்துக் காதோரம் வைத்து, அறும்வரை இழுப்பார். சத்தம் பிடிக்காவிட்டால் பொட்டலமே குப்பைக்கூடைக்குப் போகும்.

“இன்னா இது?” என்றார், நான் நீட்டியதைப் பார்த்து.

“ஹேர்பேண்ட் சார். எவ்வளவு இழுத்தாலும் அறாது.”

“அதான் வேணான்றேன். கயிறு சிக்கினா ரப்பர் அறணும். அறலேன்னா பாராசூட்டு பையிலயே குந்திக்கினு இருக்கும், நீ தரையில கெடப்பே.”

“என் உயிர், என் இஷ்டம்.”

“உன் உயிர பீச்சாண்ட போய் வுடு. என் டேபிள்ல வைக்காதே. தூக்கினு கெளம்பு!”

பையும் நானும் படிக்கட்டுக்கு வந்தோம். அவமானம்தான். ஆனாலும் முன்பின் தெரியாத என் உயிருக்காக ஒருவர் இப்படிக் கத்துகிறாரே என்று நெகிழ்ந்துபோய், வீட்டில் சொன்னேன்.

“உங்க உயிருக்காகவா?” என்றாள் மனைவி, தோசையைத் திருப்பியபடி. “நீங்க விழுந்தா, பாராசூட் பையில இருக்கிற சீட்டுல மடிச்சவர்னு அவர் கையெழுத்துல்ல இருக்கும்!”